எதுக்கும் ஒரு தடவை

எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு ஜாகா இருந்தார். காவலுக்கென்று வைத்த ஆள். சாப்பாடு முடிந்ததும் நாற்காலியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுவார், முகத்தில் ஒரு குறை தெரியாது. ஆனாலும் எங்கள் புளோக்கில் ஒரு ஜோடிச் செருப்புகூடக் களவு போனது கிடையாது. என் எதிர்வீட்டுக்காரி சம்பளம் வாங்காமல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கத்துக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

எனக்குத் தலையணையில் தலை பட்டால் அடுத்தது விடியல்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்து பிள்ளை பெற்று, ஒரு புருஷனை வழியனுப்பி, பாசாரில் கீரை விற்றே காலத்தை ஓட்டியவள் நான். கவலைப்படக் காரணம் கொட்டிக் கிடந்தது. நேரம்தான் கிடைக்கவில்லை.

அவள் ஒல்லி. தலைமுடியை ஒரு கிளிப்பில் அள்ளிச் செருகியிருப்பாள். கண்ணுக்குக் கீழே மட்டும் தாராளமாக மை பூசியது போல் இருக்கும். மை இல்லை. பாயான் பாருவில் ஒரு பேக்டரியில் மைக்ரோஸ்கோப் வழியாகச் சிப்பு பார்க்கிற வேலை. எறும்புக் கண்ணளவு சாமானில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்க அங்கே சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் அதையே இலவசமாகச் செய்தாள். அடுப்பை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, பூட்டிய பூட்டு பூட்டுதானா. அவள் புருஷன், மகள் தவழ்கிற காலத்திலேயே வேறொரு வீட்டுக்குக் குடிபோய்விட்டான். அவன் நன்றாகத் தூங்குகிறானாம். கேள்விப்பட்டேன்.

"எதுக்கும்" என்பது அவள் வாயில் எந்நேரமும் இருக்கும், வெற்றிலை மாதிரி. எதுக்கும் குடை எடுத்துக்குங்கக்கா. எதுக்கும் ஒரு போன் போட்டுடுறேன். எதுக்கும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுறேன். வெளியூருக்கா போகிறோம், கீழே குப்பை போட. அதற்குள் இரண்டு முறை மேலே ஏறி இறங்குவாள்.

தூங்காதவளைக் கண்டால் ஊரில் எல்லாருமே வைத்தியர்கள். முக்குக் கடை மாமா பாலில் ஜாதிக்காய் போட்டுக் குடிக்கச் சொன்னார். பாலிக் புலாவ் ஜாதிக்காய், அவரே உரசிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "ஒரு சிட்டிகைதாம்மா, கூடப் போட்டுடாதே" என்று எச்சரித்தும் அனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. குடித்தவள், போட்டது ஒரு சிட்டிகைதானா, விரல் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டதா என்று தன் கையைத் தானே நாடி பிடித்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தாள்.

பேக்டரியில் அவளுடைய லீடர் ஆடு எண்ணச் சொன்னாளாம். கண்ணை மூடிக்கொண்டு, வேலி தாண்டுகிற ஆடுகளை எண்ணினால் தூக்கம் வருமாம்.

"எண்ணுனியா?" என்று கேட்டேன்.

"எண்ணுனேன்க்கா. ஒரு ஆடு நொண்டுச்சு. அத ரிஜெக்ட்டுன்னு ஒதுக்கி வெச்சேன். அப்புறம், முன்னுக்குப் போன ஆடெல்லாம் சரியாப் பாத்துதான் விட்டேனான்னு ஒரு சந்தேகம். திரும்ப மொதல்ல இருந்து பாத்தேன்."

"எல்லா ஆடும் நல்லா இருந்துச்சா?"

"ரெண்டுக்குச் சளிக்கா."

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது மகள் செய்த வைத்தியம். நல்ல பிள்ளை அவள், படிப்பும் நல்ல படிப்பு. கைப்பேசியில் மழைச் சத்தத்தை வைத்து அம்மா காதருகே கொடுத்தாள். மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டே மனசு அடங்கித் தூங்கிவிடலாமாம். அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நிச்சயமாக சுங்கை பினாங்கில் குடியிருந்தவர் இல்லை. இங்கே மழை என்றால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் கீழே நிற்கிற மோட்டார் சைக்கிள் எல்லாம் நீச்சலடிக்கும். இவள் சத்தம் கேட்ட உடனே எழுந்து கொடியில் இருந்த துணியை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். "மோட்டார எடுங்க, தண்ணி ஏறப் போகுது!" புளோக்கே கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் சொல்லித்தான் தெரியும்.

இப்போது அவள் இங்கே இல்லை. பேக்டரி பத்து காவான் என்கிற ஊருக்கு மாறியபோது அவளும் மாறிப் போய்விட்டாள். எதிர்வீட்டில் ஒரு இளம் ஜோடி இருக்கிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். செருப்பு களவு போக ஆரம்பித்திருக்கிறது.

அவள் தூங்காதது அவளோடு நின்றிருந்தால் நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அவள் இங்கே இருந்த காலத்திலேயே மகளுக்கு ஜொகூரில் யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. ஊரே வாழ்த்தியது. பிள்ளை மட்டும் என் வீட்டுக்கு வந்து, இரும்புக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நான் போகல பெரியம்மா. இங்கயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்குறேன்."

"ஏன்?"

"அம்மா தூங்க மாட்டாங்க."

"நீ இருந்தா மட்டும் தூங்கிக் கிழிக்கிறாளா?"

"நான் இருந்தா நானும் கூட முழிச்சிருப்பேன் பெரியம்மா."

கதவைத் திறந்து, உள்ளே வந்து சாப்பிடு என்றேன். 

அடுத்த நாளே தாய் வந்தாள். மகள் முடிவு அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அவ போகணும்க்கா. நான் தூங்குனாத்தான் அவ போவா. யூனிவர்சிட்டிக்குப் பதில் சொல்ற தேதி வேற கிட்டத்துல வருது. எப்படியாச்சும் என்னத் தூங்க வெச்சிடுங்க." ஏதோ மாவு அரைத்துக் கொடுங்கள் என்பது போலக் கேட்டாள்.

கவர்மென்ட் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். ஒரே இரைச்சல், குழந்தைகள் அழுகை, ஒலிபெருக்கியில் நம்பர் கூப்பிடுகிற சத்தம். பக்கத்தில் இருந்த சீன ஆச்சியிடம் நான் என் கடைசிப் பிரசவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்!

அந்த நேரம் பார்த்து எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

எழுப்பவா, வேண்டாமா? தூக்கம் வரவில்லை என்று வந்தவள் தூங்குகிறாள். எழுப்பி உள்ளே கூட்டிப் போய் டாக்டரிடம் என்னவென்று சொல்வது? நம்பர் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். தோள் மரத்துப் போனது. அவள் கண் விழித்ததும் போர்டைப் பார்த்துப் பதறினாள்.

"ஏன்க்கா எழுப்பல?"

"நீ எப்படித் தூங்குனே, அத முதல்ல சொல்லு."

"இங்க கூப்புடறதுக்கு ஆளு இருக்காங்கல்ல. நீங்களும் முழிச்சிருந்தீங்க. எனக்கு ஒரு வேலையும் இல்லியே."

இரண்டாவது நம்பர் எடுத்துத்தான் உள்ளே போனோம். சின்னப் பெண் டாக்டர், என் பேத்தி வயசு. பொறுமையாகக் கேட்டாள். இவளுக்கு இருப்பது அங்சைட்டியாம், ஓயாத பதற்றம். தூக்கமின்மை அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். பெயர் வைத்தாகிவிட்டது, இனி அதற்கு ஐசி என்று ஓர் அடையாள அட்டை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி குடிக்காதே, தினம் ஒரே நேரத்துக்கு எழுந்திரு, படுத்துத் தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டிராமல் எழுந்து உட்கார் என்று அந்தப் பெண் மலாயில் சொன்னாள். தூக்கம் வராதவளை எழுந்து உட்காரச் சொல்ல இத்தனை வருஷப் படிப்பா என்று எனக்குப் பட்டது. நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள், எனக்குப் படத்தான் செய்யும்.

ஆனால் இன்னொன்றும் சொன்னாள். கவலைப்படாதே என்றால் உன்னால் முடியாது, அதனால் அதற்கென்று பகலில் ஒரு நேரம் ஒதுக்கிவிடு. அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாக் கவலையையும் பட்டுத் தீர்த்துவிடு. படுக்கையில் கவலை வந்தால், நாளைக்கு வா, நேரம் கொடுத்திருக்கிறேன் என்று அனுப்பிவிடு.

இது எங்கே போய் முடியும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என் வீட்டில் வந்து முடிந்தது. தினம் சாயங்காலம் பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கியதும், டியூஷனுக்கு வருகிற பிள்ளை மாதிரி வந்து என் செட்டியில், அந்த நீளச் சோபாவில், உட்கார்ந்துகொள்வாள்.

"ஆரம்பிக்கட்டாக்கா?"

"ஆரம்பி."

"லிப்ட் கயிறு அறுந்துட்டா?"

"படியில போ."

"படியில வழுக்கி உழுந்துட்டா?"

"அப்ப லிப்டுல போ. அடுத்தது?"

"நான் பாஸ் பண்ணி உட்ட சிப்பு ஒரு ஏரோப்பிளேனுக்குள்ள போயி, அதுல நான் பாக்காத கீறல் ஒண்ணு இருந்து..."

"நீ ஏரோப்பிளேன்ல ஏறாதே. அடுத்தது?"

இப்படிப் போகும். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "உங்களப் பத்தியும் ஒண்ணு இருக்குக்கா," என்றாள். "நீங்க தனியா இருக்கீங்க. ராத்திரி உங்க குறட்டச் சத்தம் என் வீடு வரைக்கும் கேக்கும். திடீர்னு நின்னுட்டா எனக்குப் பக்குன்னு இருக்கு."

"யாரு குறட்ட விடுறது?"

"நீங்கதான்க்கா."

"நானா? அது பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும்."

"அவரு செத்துப் போயி ரொம்ப நாளாச்சுக்கா."

அன்றைக்கு அரை மணி நேரம் ஆவதற்கு முன்பே அவளை அனுப்பிவிட்டேன்.

டாக்டர் சொன்னது சுத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கண்ணசந்தாள். கோழித் தூக்கம். ஆனால் பிள்ளைக்கு அது போதவில்லை. பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இவள் என்னிடம் வந்து, கம்பிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ரகசியமாகக் கேட்டாள்.

"தூங்குறவங்க எப்படிக்கா இருப்பாங்க?"

"என்னாடி கேள்வி இது?"

"ரெண்டு ராத்திரியா தூங்குற மாதிரி படுத்திருக்கேன். அவ வந்து வந்து பாத்துட்டுப் போறா. நம்பறாளா இல்லியான்னு தெரியல. நீங்க நல்லாத் தூங்குறவங்க. சொல்லிக் குடுங்க."

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் பாடம் கேட்டு வந்ததில்லை. செட்டியைக் காட்டி, "படு, பாப்போம்" என்றேன்.

நிமிர்ந்து படுத்து, இரண்டு கையையும் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டாள்.

"மால வாங்கிட்டு வரட்டா?"

"ஏன்க்கா?"

"பொணமாட்டமா படுத்திருக்கியே. ஒருக்களிச்சுப் படு. ஒரு கால மடக்கு. கண்ண இப்படி இறுக்காதே, சின்னப் புள்ள ஊசிக்குப் பயந்த மாதிரி இருக்கு. வாயத் தொற."

"ஈ பூந்துட்டா?"

"பூந்தா முழுங்கு. தூங்குறவளுக்கு அதெல்லாம் தெரியுமா?"

வாயைத் திறந்தாள். பரவாயில்லை, கொஞ்சம் ஆள் மாதிரி இருந்தது.

"குறட்டையும் விடட்டாக்கா?"

"விடு."

விட்டாள். லாரி மேடேற முடியாமல் திணறி, புகை கக்கி, பின்னுக்கு உருளுகிற சத்தம்.

"என்னா கண்றாவி இது?"

"உங்களுதுதான்க்கா. தெனம் கேக்குறேன்ல."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே அங்கிருந்து பாடம் நடத்தினேன். தூங்குகிறவள் மூச்சை அளந்து விட மாட்டாள், அவ்வப்போது ஏதாவது உளற வேண்டும், உளறினால் மட்டும் எதுக்கும் எதுக்கும் என்று உளறாதே. பதில் இல்லை. மழை வந்தது. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே சோவென்று பிடித்துக்கொண்டது. காரிடாரில் அவள் வீட்டு வாசல் கொடியில் துணி தொங்கியது. சாரல் நேராக அதன் மேல்தான் அடித்தது.

"துணி நனையுதுடி" என்று கத்த வாயெடுத்தேன். கூடத்தை எட்டிப் பார்த்தேன். அப்படியே கிடந்தாள். வாய் திறந்து, எச்சில் ஒரு கோடாக என் குஷனில் இறங்கிக்கொண்டிருந்தது. மழைச் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

நான் முழுங்கிய வார்த்தைகள் ஆயுசில் ரொம்பக் குறைவு. அது ஒன்று. துணியை நானே போய் எடுத்திருக்கலாம். என் இரும்புக் கதவைத் திறந்தால் பக்கத்து புளோக்குக்கே கேட்கும். நனைந்தால் நனையட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் வற்றியது. அதையும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே போயிருந்தவள் வந்துவிட்டாள். சொட்டச் சொட்டத் தொங்குகிற துணியைப் பார்த்திருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து அம்மா ஒரு துணியை நனைய விட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்? முகம் வெளுத்து என் கதவுக்கு ஓடி வந்தது.

"பெரியம்மா! அம்மாவுக்கு என்னாச்..."

நான் உதட்டில் விரலை வைத்தேன். செட்டியைக் காட்டினேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. நெடுநேரம் பார்த்தாள்.

"இது நெஜம்," என்று கிசுகிசுத்தாள். "வீட்ல நடிக்கிறாங்க பெரியம்மா. வாய மூடிக்கிட்டு, மூச்ச எண்ணி எண்ணி விடுவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொன்னா அதுக்கும் தூங்க மாட்டாங்கல்ல."

இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் எப்படியெல்லாம் முழித்திருந்திருக்கிறார்கள் பாருங்கள். இந்தச் சாமர்த்தியத்தைத் தூங்குவதில் காட்டியிருந்தால் பட்டம் வாங்கியிருக்கலாம்.

மழை விட்டது. அவள் உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே நனைந்து நிற்கிற மகளைப் பார்த்தாள்.

"என்னா ஆச்சு? என்னா ஆச்சுக்கா?"

"துணி நனஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்டாள். அவளால் நம்ப முடியவில்லை. இத்தனை நேரம் அவள் பார்க்காமல் விட்டும் கூரை கூரையாகவே இருந்தது.

"அம்மா," என்றாள் மகள். "நான் ஜொகூருக்குப் போறேன்லா."

போனாள். பஸ் நிலையத்தில் மகளை ஏற்றிவிட்டு, தாய் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழுதிருக்கவில்லை. அழுதால் முகம் வீங்கும், மகள் வீடியோவில் கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று எதுக்கும் அழாமலே வந்தாளாம். செட்டியில் உட்கார்ந்தாள். நான் குடிக்க ஏதாவது கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் தூங்குகிறாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை. என் கை வைத்தியத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை. டாக்டர் பெண்ணை வரவழைத்துக் காட்ட வேண்டும் போல இருந்தது.

மடியில் கைப்பேசி அடித்தது. அவள் அசையவில்லை. எனக்குப் பச்சையை அழுத்தத் தெரியும். அழுத்தினேன். மகள் முகம் வந்தது, பஸ் ஜன்னல் ஓரத்தில்.

"அம்மா எங்க பெரியம்மா?"

"தூங்குறா."

"சும்மா சொல்லாதீங்கலா."

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன். கிட்டத்தில் கொண்டுபோய்க் குறட்டையையும் கேட்க வைத்தேன்.

"நெஜமாவா பெரியம்மா?"

"எனக்குத் தெரியாத தூக்கமா? எங்கிட்ட எவளாச்சும் நடிக்க முடியுமா?"

அந்தப் பக்கம் பிள்ளை சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "எழுப்பாதீங்க பெரியம்மா. நானும் கொஞ்ச நேரம் தூங்குறேன்." வைத்துவிட்டாள்.

நான் கைப்பேசியை மேசையில் வைத்தேன். குறட்டை நின்றது. செட்டியில் ஒரு கண் மட்டும் திறந்தது.

"வெச்சுட்டாளாக்கா?"

எனக்கு எங்கே வந்ததோ கோபம். "அடிப்பாவி! என்னையே ஏமாத்திட்டியேடி!"

"அவ தூங்குறேன்னுதானே சொன்னா?"

"சொன்னா, சொன்னா."

"அப்ப சரிக்கா." எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிளிப்பை எடுத்து முடியை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அவதான் நிம்மதியா தூங்கப் போயிட்டாளே. இப்பவாச்சும் நீ கண்ண மூடேன்."

"பஸ்ஸு போயி சேரட்டும்க்கா."

ஜொகூர் என்ன பக்கத்திலா இருக்கிறது? நான் மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தேன், சாயங்காலம் விளக்கேற்ற வந்து பார்த்தேன். அதே செட்டியில், முதுகு சாயாமல், ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பைக் கொடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்திரமாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.